பாறைக்குப் பின்னால் விழுந்தால் யாருக்குத் தெரியும்? மண்பாதைப் பந்தயத்துக்கு வாக்கி-டாக்கி வாங்கும் முன்

2021 ஜனவரி 6 அன்று, சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியின் நான்காம் கட்டத்தில் பெங்களூருவின் பைக் பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ் விழுந்தார். 2015இல் டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவர். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்தால் கோமாவில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள், பிழைத்து வந்தார். டக்காரில் ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக் கருவி இருக்கும். கோலார் பக்கத்துப் பாறைக்காட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்களுக்கு அந்த வசதி ஏது? திருப்பத்தில் கொடியோடு நிற்கும் மார்ஷலின் கையிலுள்ள வாக்கி-டாக்கிதான் அவர்களுக்கு ஆம்புலன்ஸ்.

அதனால் வாங்குவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். பந்தய நேரத்தில் வாக்கி-டாக்கி மார்ஷல்களிடமும் மருத்துவக் குழுவிடமும் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் காதில் வேண்டாம். சர்வதேச மோட்டோகிராஸ் விதிகளும் ஓட்டுநரோடு ரேடியோவில் பேசுவதை அனுமதிப்பதில்லை. தாவிக் குதிக்கும் வண்டியில் காதுக்குள் ஒரு குரல் கேட்டால் கவனம் சிதறும், பக்கத்தில் ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. அவரை எச்சரிக்க மார்ஷலின் மஞ்சள் கொடி போதும்.

உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்யும் சிறிய செட். சக்தி அரை வாட் அளவுதான். ஒரே பார்வையில் அடங்கும் சின்ன டர்ட் டிராக்குக்கு இதுவே சரி, என் முதல் பரிந்துரையும் இதுதான். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அது தடையே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. நம் பக்கத்துக் கருங்கல் பாறை ஒன்று குறுக்கே நின்றால் அடுத்த திருப்பத்துக்குக்கூடக் குரல் போகாது.

அப்போது எல்லோருக்கும் தோன்றுவது, அதிக வாட் செட்டாக வாங்கிவிடலாம் என்பது. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் சீன செட்டுகள் போலீஸும் பிற துறைகளும் பேசும் அலைவரிசைகளிலும் ஒலிபரப்பக்கூடியவை. உரிமமில்லாமல் அவற்றைப் பயன்படுத்துவது குற்றம். 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசையும் இ.டி.ஏ. எனும் கருவி வகை ஒப்புதல் சான்றும் தெளிவாகக் குறிப்பிடாத பொருளைத் தொடாதீர்கள்.

வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது பலன் தரும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறவை. இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் ஒருவரை நிறுத்தி, கேட்டதை அப்படியே மறுபக்கம் திருப்பிச் சொல்ல வைத்தால் அரை வாட் செட்டே பாறையைத் தாண்டிவிடும். அவருக்கு ஒரு குடையும் தண்ணீரும் கொடுத்து உட்கார வையுங்கள். அன்றைய தினத்தின் மிக முக்கியமான ஆள் அவர்.

இருபது கிலோமீட்டர் சுற்றுள்ள எண்டியூரோ எனும் நெடுந்தூரப் பந்தயம் என்றால் இது போதாது. முறையாக உரிமம் பெற்ற வி.எச்.எஃப். செட்டுகள் வைத்திருப்பவர்களை அமர்த்தலாம், செலவு அதிகம். அமெச்சூர் பந்தயத்துக்கு அமெச்சூர் ரேடியோக்காரர்களே நல்ல துணை என்பேன். தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி உரிமம் பெற்ற ஹாம்கள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். பெங்களூருவில் பல பத்தாண்டுகளாக அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. குறுக்கே மலை இருந்தால் ஆன்டெனாவை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பேசும் இரு முனையிலும் உரிமம் பெற்றவர்தான் இருக்க வேண்டும், கூலி வாங்கக் கூடாது. சோறும் நன்றியும் தரலாம். மாதக்கணக்கில் முன்கூட்டியே கேளுங்கள்.

சிம் போட்டுப் பேசும் 4ஜி வாக்கி-டாக்கிகளை விற்பவர் நாடு முழுவதும் எட்டும் என்பார். டவர் இருக்கும் இடமெல்லாம் எட்டும், உண்மைதான். பள்ளத்தில் போன் எடுக்காத இடத்தில் அதுவும் எடுக்காது. இரண்டாவது துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்கும் உரிமம் வேண்டாம்தான். ஆனால் அலைநீளம் பதினொரு மீட்டர், கையடக்கச் செட்டின் குட்டை ஆன்டெனா அதற்குப் போதாது. விட்டுவிடலாம்.

பந்தயமில்லாமல் மூன்று நான்கு நண்பர்கள் பயிற்சிக்குப் போகிறீர்களா? அப்போது ஹெல்மெட் இன்டர்காம் நல்லது. கார்டோ, சேனா நிறுவனங்கள் மட்டுமின்றிப் பெங்களூரு நிறுவனமான புளூஆர்மரும் தயாரிக்கிறது. கை விடாமல் பேசலாம். பாறைக்குப் பின்னால் போனவரோடு தொடர்பு அறும், ஆகவே கண்ணெட்டும் தூரத்திலேயே ஓட்டுங்கள். இதற்கு மாற்றாகச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வெளிநாட்டு உறவினர் அன்பாகக் கொண்டுவர நினைத்தால் தடுத்துவிடுங்கள். அனுமதியின்றி அதை வைத்திருந்த பயணிகளை நம் விமான நிலையங்களிலேயே பிடித்திருக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் முந்தின நாள் இருவர் ஆளுக்கொரு செட்டோடு டிராக் முழுவதும் நடந்து, குரல் அறுகிற இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். மார்ஷல் நிற்கும் இடத்தை அந்த வரைபடம் தீர்மானிக்கட்டும். திருப்பங்களுக்கு எண் கொடுங்கள். பேசும்போது முதலில் எண், பிறகு அடிபட்டவர் எழுந்தாரா இல்லையா, அதன் பிறகே மற்றதெல்லாம். பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசப் பழக்குங்கள். பதற்றத்தில் அழுத்தியவுடனேயே கத்தினால் முதல் சொல் அறுந்து போகும். ஆம்புலன்ஸ் எந்தத் திருப்பத்துக்கு வர வேண்டும் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.