நர்ஸா, இன்ஜினியரா? – ஒரு சம்பளக் கணக்கு



பிளஸ் டூ வந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி, "அடுத்து என்ன?" நான் கணிதம்–உயிரியல் குரூப். அதனால் இன்ஜினியரிங்கும் போகலாம், நர்சிங்கும் போகலாம். எனக்குப் பிடித்தது நர்சிங். எங்கள் ஆயாவுக்கு தினமும் சுகர் ஊசி போடுவதே நான்தான். அப்பாவோ, "நர்ஸ் வேலையில என்ன வரும்? பெரியம்மா பொண்ணப் பாரு" என்கிறார்.

பெரியம்மா மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நைட் டியூட்டியும் சேர்த்துக் கைக்கு வருவது 12,000 ரூபாய். அப்பா சொல்வது சரிதானா என்று தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

படிப்புக் காலம்: பி.இ. 4 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங்கும் 4 ஆண்டு. நர்சிங் முடித்தவர்கள் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸாக வேலை பார்க்க முடியும்.

அரசு வேலை: இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால்தானே சரியான கணக்கு? ரயில்வே இரண்டு பேரையும் எடுக்கிறது. 2016 முதல் அமலான 7-ஆவது ஊதியக் குழுப்படி ஜூனியர் இன்ஜினியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸுக்கு 44,900 ரூபாய். அதாவது நர்ஸுக்கு 9,500 ரூபாய் அதிகம்! பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு பதவிக்குமே டிப்ளமோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளிலும் நர்ஸுக்குத் தொடக்கம் அதே 44,900தான்.

இதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான்.

தனியார் வேலை: இங்கேதான் நான் தோற்றேன். உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் ஒரு பரிந்துரை தந்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும். கேரள அரசு 2018-ல் குறைந்தபட்சம் 20,000 என்று ஆணையே போட்டது. ஆனால் பரிந்துரை வேறு, சட்டம் வேறு. அக்காவின் ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையாம்.

இன்ஜினியருக்கும் ஆரம்பம் ஒன்றும் பெரிசு இல்லை. 2019 அப்ரண்டிஸ் விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய்தான். எதிர்வீட்டு அண்ணன் மெக்கானிக்கல் முடித்து முதல் வருஷம் ட்ரெயினியாக அக்கா அளவுக்குத்தான் வாங்கினார். ஆனால் மூன்றாம் வருஷம் கம்பெனி மாறினார், சம்பளம் இரண்டு மடங்கானது. அக்காவுக்கு மூன்று வருஷமாக அதே சம்பளம்.

அப்படியென்றால் நர்ஸுக்கு ஏணி எது? பரீட்சைதான். ரயில்வே, எய்ம்ஸ், மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், வெளிநாடு போக ஆங்கிலத் தேர்வு எல்லாம் இருக்கிறது. "ஏன்க்கா எழுதல?" என்று கேட்டேன். "நைட் டியூட்டி முடிச்சு வந்து புஸ்தகத்தத் தொறந்தா தூக்கம்தாண்டி வருது. படிக்கிறப்பவே தயாராகியிருக்கணும். அப்ப எங்கிட்ட யாரும் சொல்லல" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நண்பர்களே, இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். நர்ஸுக்கும் இன்ஜினியருக்கும் இடையே இருக்கும் தூரத்தைவிட, ஒரு நர்ஸுக்கும் இன்னொரு நர்ஸுக்கும் இடையே இருக்கும் தூரம் அதிகம். 12,000-உம் 44,900-உம் ஒரே படிப்புக்குக் கிடைக்கிற சம்பளம்தான்! அதனால் நான் நர்சிங் சேர்ந்தால் முதல் வருஷத்திலிருந்தே பரீட்சைக்கும் படிப்பேன். அக்காவும் லீவு நாளில் என்னோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா கடைசியாகச் சொன்னது: "சரி, நர்சிங்குக்குப் போடு. எதுக்கும் இன்ஜினியரிங் அப்ளிகேஷனும் போட்டு வை."

நீங்களும் ஒரு வேலையைப் பற்றி விசாரிக்கும்போது, "அதிகபட்சம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் மாதம் எவ்வளவு, மூன்றாம் வருஷம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி