மசுந்தே போகிறீர்களா?

மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையோரம் இருக்கும் அமைதியான சிற்றூர் மசுந்தே. உவாதுல்கோவில் விமானம் இறங்கி, போச்சுத்லா வழியாகப் போகலாம். போச்சுத்லாவிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கடைகளுக்குச் சில்லறை பெசோ கட்டாயம் வேண்டும்.

கடலில்தான் மிகுந்த கவனம் தேவை. இருபுறமும் அலை உடைய, நடுவே ஓரிடம் மட்டும் அடங்கி, மணல் கலங்கி, நுரை கடலுக்குள் போகிறதா? அங்கே இறங்கவே வேண்டாம், அது இழுப்பு நீரோட்டம். சிக்கிவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், பிறகு கரைக்குத் திரும்புங்கள். பக்கத்துச் சிப்போலித்தேயிலும் இழுப்பு கடுமை.

1990-இல் மெக்சிகோ தடை செய்யும்வரை ஆமை வேட்டைதான் இவ்வூரின் பிழைப்பு. இன்று இங்கே ஆமைகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அவசியம் பாருங்கள். இரவில் முட்டையிட ஆமை கரையேறினால் டார்ச், ஃப்ளாஷ் எதுவும் கூடாது.