பாவலரும் நடுவரும்

பாட்டுப் பாடுதல் ஒரு கலை. பிறர் பாடிய பாட்டைச் சீர்தூக்கி, அதன் குணங்குற்றங்களை அவருக்கே எடுத்துரைத்தல் மற்றொரு கலை. முன்னது அரிது, பின்னது அதனினும் எளிதென்று கூறுவதற்கில்லை. பொன்னின் மாற்றைக் காண உரைகல் உண்டு. முத்தின் எடையை அறியத் தராசு உண்டு. பாட்டின் தகுதியைக் காண்பதற்கோ, நடுவரின் உள்ளமே உரைகல்லாகவும் தராசாகவும் அமைதல் வேண்டும். அவ்வுள்ளம் விருப்பின் பக்கமோ வெறுப்பின் பக்கமோ சாயுமாயின், நல்ல பாட்டுத் தாழவும் தாழ்ந்த பாட்டு உயரவும் நேரும். கேடு அதனோடு நில்லாது. பாடியவன் உள்ளத்தையும் அது சென்று பற்றும். தகுதியின்றிப் புகழப்பட்டவன் வளர்ச்சி குன்றுவான். காரணம் கூறாது இகழப்பட்டவன் எழுதுகோலையே எறிந்துவிடுவான்.

இத்துணைப் பொறுப்பு வாய்ந்த நடுவர் பணியைத் தம் தேசியப் பெருவிழாவின் நடுநாயகமாக வைத்துப் போற்றும் மக்கள் ஒருவர் உளர். அவர் வேல்ஸ் நாட்டினர். இங்கிலாந்துக்கு மேற்கே, மலைகளும் புல்வெளிகளும் ஆட்டுக் கிடைகளும் நிறைந்தது அந்நாடு. அரசியலால் இங்கிலாந்துடன் இணைந்திருப்பினும், ஆங்கிலத்தினும் முற்றிலும் வேறான தொன்மொழி ஒன்றை அது தன் உயிரெனக் காத்து வருகிறது. அம்மொழியின் வளர்ப்புப் பண்ணையாக விளங்குவதே 'ஐஸ்தெத்வொட்' என்னும் கலைவிழா. அவையில் அமர்ந்திருத்தல் என்பது அச்சொல்லின் அடிப்படைப் பொருளாகும்.

இவ்விழாவின் வரலாறு பழமையானது. 1176ஆம் ஆண்டில் ரீஸ் என்னும் வேல்ஸ் மன்னர், தாம் எழுப்பிய கார்டிகன் கோட்டையில் பாவலரையும் இசைவாணரையும் ஒருங்கு கூட்டிப் போட்டி ஒன்றை நிகழ்த்தினார். ஓராண்டு முன்னரே அறிவிப்புச் சென்றது. பாவலருள் வென்றவர்க்கு ஓர் இருக்கை, இசைவாணருள் வென்றவர்க்கு ஓர் இருக்கை என இரண்டு இருக்கைகள் பரிசாக வைக்கப்பெற்றன. அந்நாள்தொட்டு, பாட்டில் வென்றோர்க்கு இருக்கை அளித்துச் சிறப்பித்தல் அந்நாட்டு மரபாயிற்று. இடையில் ஒளி மங்கிய இவ்விழா பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தழைத்தது. 1861ஆம் ஆண்டு அபர்டேர் என்னும் ஊரில் முதல் தேசிய விழா நிகழ்ந்தது. இன்று அது ஆகஸ்டுத் திங்களில், பெரும்பாலும் ஓராண்டு வடபாலும் மறுவாண்டு தென்பாலுமாக நடைபெற்று வருகிறது. இதனையன்றிச் சிற்றூர்களிலும் சிறுசிறு விழாக்கள் பல உண்டு.

இவ்விழாக்களில் பாட்டெழுதிப் போட்டியிடுவோர் எல்லாரும் பாட்டையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். உழவர், ஆயர், சுரங்கத் தொழிலாளர், கற்பலகை வெட்டுவோர், பள்ளி ஆசிரியர், சமயப் போதகர் எனப் பல திறத்தினரும் போட்டியிட்டு வந்துள்ளனர். பகலெல்லாம் உடல் வருந்த உழைத்து, இரவில் விளக்கொளியில் பாட்டெழுதிய ஏழைகள் பலர். இத்தகையோரின் உழைப்பு நடுநிலையோடு மதிக்கப்பெறுதல் வேண்டும் என்னும் கருத்தால், விழாவினர் சில விதிகளை வகுத்துள்ளனர்.

பாட்டின் பொருள் முன்னரே அறிவிக்கப்படும். எழுதுவோர் தம் இயற்பெயரைப் பாட்டின்கீழ்க் குறித்தலாகாது. புனைபெயர் ஒன்றையே குறித்தல் வேண்டும். உண்மைப் பெயர் உறையிலிட்டு மூடித் தனியே அனுப்பப்படும். நடுவர் மூவர் பாட்டுகளைப் படித்து, ஒவ்வொருவரும் தத்தம் கருத்தை விரிவாக எழுதித் தருவர். பாடியவர் செல்வரா வறியரா, புகழ் பெற்றவரா புதியவரா, நண்பரா பகைவரா என்பவை நடுவர்க்குத் தெரியா. அவர்முன் இருப்பது பாட்டு ஒன்றே. ஆளை மறைத்துப் பாட்டை மட்டும் காட்டும் இம்முறை, நடுவரின் நேர்மைக்கு அரணாக அமைகின்றது. நேர்மையுடையவர்க்கும் அறியாமலே சாய்வு தோன்றக் கூடும் ஆதலின், இவ்வரண் எத்தகையோர்க்கும் வேண்டுவதே.

அந்நாட்டுப் பாட்டில் நடுவர் முதற்கண் காண்பது யாப்பு. இருக்கைப் பரிசுக்குரிய பாட்டு மரபு யாப்பில் அமைதல் வேண்டும். அதற்கு இருபத்துநான்கு வகைப் பாக்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அடிதோறும் 'கங்ஹானெத்' என்னும் ஒலியிசைவு அமைதல் இன்றியமையாதது. தமிழில் அடியின் முதலெழுத்து ஒன்றிவரின் மோனை என்றும், இரண்டாம் எழுத்து ஒன்றிவரின் எதுகை என்றும் கூறுவர். கங்ஹானெத் நான்கு வகைப்படும். அவற்றுள் தலையாய ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அனைத்தும் அதே வரிசையில் பிற்பாதியிலும் வருதல் வேண்டும், உயிரெழுத்துகள் மாறலாம். மற்றொரு வகையில் அடியினுள்ளே இயைபும் மெய்யொலியும் பின்னி வரும். நூற்றுக்கணக்கான அடிகளில் இவ்விசைவு ஓரிடத்தும் பிறழாமல் பாடுதல் எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும், பிழையற்ற யாப்பு ஒன்றே பாட்டாகிவிடாது என்பதை நல்ல நடுவர் அறிவர். செங்கற்களை நேராக அடுக்குதல் வேறு. வாழத்தக்க வீட்டைக் கட்டுதல் வேறு. ஒலியிசைவுக்காகப் பொருந்தாச் சொல்லைப் புகுத்தியிருக்கின்றனரா? பிறர் கூறிய உவமையையே மீண்டும் கூறியிருக்கின்றனரா? பாட்டு ஒரு கருத்தினின்று மறு கருத்துக்கு இயல்பாகச் செல்கின்றதா, அன்றி இடையில் அறுபட்டு நிற்கின்றதா? பாடியவர் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் பாடினாரா, அன்றிப் பாடவேண்டுமே என்று பாடினாரா? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை கண்ட பின்னரே நடுவர் தம் தீர்ப்பை எழுதத் தொடங்குவர். வந்த பாட்டுகளை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எனத் தரம் பிரித்து உரைத்தலும் அவர்தம் வழக்கம்.

தீர்ப்பை எழுதும் முறையிலும் திறன் வேண்டும். 'நன்று' என்றோ 'தீது' என்றோ ஒரு சொல்லில் முடிப்பது தீர்ப்பாகாது. இன்ன அடியில் இன்ன சொல் ஒளிர்கின்றது, இன்ன இடத்தில் பொருள் மயங்குகின்றது, இன்ன பகுதியைச் சுருக்கியிருப்பின் பாட்டு உயர்ந்திருக்கும் என்று இடம் சுட்டிக் காரணம் காட்டுதல் வேண்டும். காரணம் காட்டப்பட்ட குறை, கற்பவனுக்குப் பாடமாகும். காரணம் காட்டப்படாத குறை வடுவாகும். அவ்வாறே, இடம் சுட்டாத புகழும் பயனற்றது. தன் பாட்டில் எது நன்றாயிற்று என்பதை அறியாதவன் அந்நன்மையை மீண்டும் செய்ய இயலாது.

வேல்ஸ் விழாவில் இத்தீர்ப்புகள் மறைத்து வைக்கப்படுவதில்லை. வென்ற படைப்புகளும் நடுவர் உரைகளும் ஒரு நூலாக அச்சிடப்பெற்று விழா நாள்களிலேயே வெளிவருகின்றன. அந்நூலில் வென்ற பாட்டைப் பற்றி மட்டுமன்றித் தோற்ற பாட்டுகளைப் பற்றியும் நடுவர் கூறிய கருத்துகள் புனைபெயரோடு இடம்பெறும். தோற்றவர் தம் குறையைத் தாமே தனித்திருந்து படித்தறியலாம்; அவர் இன்னார் என்பது ஊரார்க்குத் தெரியாது. நாணமும் இல்லை, நன்மையும் உண்டு. அதே நேரத்தில் நடுவரும் ஊரறியத் தம் கருத்தைக் கூறுதலின், பொறுப்பின்றி எதனையும் எழுதிவிட முடியாது. பாவலரின் பெயர் மறைந்திருக்க, நடுவரின் பெயர் வெளிப்பட்டு நிற்கும் இவ்வேற்பாடு மிக நுட்பமானது.

பரிசு வழங்கும் காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும். பெருங்கூட்டம் மண்டபத்தில் கூடியிருக்கும். நடுவருள் ஒருவர் மேடையில் நின்று தீர்ப்பைப் படிப்பார். வென்ற புனைபெயரைத் தலைமைப் பாவலர் அறிவிப்பார். எக்காளம் முழங்கும். அப்பெயருக்குரியவர் அவையினரிடையே எழுந்து நிற்பார். அவர் யார் என்பதை மக்கள் அப்பொழுதுதான் அறிவர். அவரை மேடைக்கு அழைத்துச் சென்று, அவர் தலைக்குமேல் பெருவாள் ஒன்றைப் பாதி உருவி, 'அமைதி உளதா?' என்று மும்முறை வினவுவர். 'அமைதி' என்று அவையோர் மும்முறை விடை கூறுவர். அதன் பின்னரே அவர் இருக்கையில் அமர்வர்.

ஒரோவழி அவ்விருக்கை வெறுமையாகவே நிற்பதும் உண்டு. வந்த பாட்டுகளுள் ஒன்றும் பரிசுக்குத் தக்கதன்று என நடுவர் கருதின், பரிசை நிறுத்திவிடுவர். 2013ஆம் ஆண்டில் டென்பி நகரில் நிகழ்ந்த விழாவில் இருக்கை எவர்க்கும் வழங்கப்படவில்லை. இது கடுமை போலத் தோன்றலாம். ஆனால், தகுதியில்லாதவர்க்கு ஒருமுறை பரிசு தரப்படுமாயின், முன்னர்த் தகுதியால் பெற்றோர் அனைவரின் பரிசும் மதிப்புக் குன்றும்.

நடுவரும் மாந்தரே, ஆதலின் அவர் தவறுதலும் உண்டு. 1928ஆம் ஆண்டு ட்ரியோர்க்கி என்னும் ஊரில் விழா நிகழ்ந்தது. அவ்வாண்டுக்குரிய பொருள் 'புனிதர்'. குவெனல்ட் என்னும் பாவலர், ஒரு புனிதரின் இளமையில் எழுந்த ஆசைகளையும் அவற்றோடு அவர் நிகழ்த்திய போராட்டத்தையும் ஒளிவு மறைவின்றிப் பாடினார். அப்பகுதிகள் நடுவர்க்கு அருவருப்பைத் தந்தன. இருக்கை நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த திறனாய்வாளரோ அப்பாட்டை அந்நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க படைப்புகளுள் ஒன்றாக மதித்தனர். பாடப்பட்ட பொருள் தமக்கு உவப்பானதா என்பது ஒரு வினா. பாடிய முறை சிறந்ததா என்பது மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றாகக் கொண்டமையே ஆங்கு நேர்ந்த பிழை. 1926இல் முன்னரே இருக்கை பெற்றிருந்த குவெனல்ட், இத்தோல்வியால் தளர்ந்தாரல்லர். 1931இல் மீண்டும் போட்டியிட்டு வென்றார்.

தீர்ப்பின் மாண்பை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1917ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ட்ராஸ்வினித் என்னும் சிற்றூரில், மலைச்சாரல் பண்ணை ஒன்றில் 1887ஆம் ஆண்டு வளர்ந்து வரத் தொடங்கியவர் எல்லிஸ் எவன்ஸ். பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, தந்தையின் ஆடுகளை மேய்த்து வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டே பாட்டும் புனைந்தார். 'ஹெத் வின்' என்பது அவர் ஏற்ற பாவலர் பெயர். 'தூய அமைதி' என்பது அதன் பொருள். சிறு விழாக்களில் பல இருக்கைகளை வென்ற அவர், 1916ஆம் ஆண்டு தேசிய விழாவில் இரண்டாம் இடம் பெற்றார். அது அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அடுத்த போட்டிக்குரிய 'வீரன்' என்னும் பொருளில் பாடத் தொடங்கினார்.

அந்நாளில் முதல் உலகப் பெரும்போர் மூண்டிருந்தது. தம் குடும்பத்தினின்று ஒருவர் படைக்குச் செல்லவேண்டும் என்னும் நிலை வந்தபொழுது, இளையோன் செல்லாதபடி ஹெத் வின் தாமே சென்றார். பயிற்சிக் களத்திலும், ஏர் உழுவதற்கென அளிக்கப்பட்ட விடுமுறையிலும், பிரான்சு நாட்டுப் பாசறையிலும் அப்பாட்டு வளர்ந்து நிறைவெய்தியது. 'பிளர்-தெ-லி' என்னும் மலர்ப் பெயரைப் புனைபெயராக இட்டு, சூலைத் திங்களில் போர்முனையினின்றே அதனை அனுப்பினார். சூலை 31ஆம் நாள் பெல்ஜிய மண்ணில் நிகழ்ந்த கடும்போரில் அவர் வீழ்ந்துபட்டார்.

செப்டம்பர் 6ஆம் நாள் பர்கன்ஹெட் நகரில் விழா கூடியது. முதலமைச்சர் லாயிட் ஜார்ஜும் அவையில் இருந்தார். நடுவருள் ஒருவராகிய குவின் ஜோன்ஸ் தீர்ப்பைப் படித்தார். 'பிளர்-தெ-லி' என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. எக்காளம் முழங்கியது, எவரும் எழுந்திலர். மீண்டும் முழங்கியது, அவை அசைவற்றிருந்தது. அப்பெயருக்குரியவர் ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னரே போரில் இறந்துபட்டார் என்பது பின்னர் அறிவிக்கப்பட்டது. இருக்கைமேல் கருந்துகில் போர்த்தப்பட்டது. அவ்விருக்கையைச் செதுக்கியவர் போரினால் தாய்நாட்டை விட்டு வந்த பெல்ஜியச் சிற்பி ஒருவர். இன்றும் அது ஹெத் வின் வாழ்ந்த மலைவீட்டில் உள்ளது. அவர்தம் பாட்டுகள் 1918இல் 'ஆயன் பாட்டுகள்' என்னும் பெயரால் நூலாயின.

அப்பரிசு இரக்கத்தால் ஈந்ததன்று. நடுவர் எடை போட்டது ஓர் ஆயனையோ, ஒரு படைவீரனையோ, இறந்த ஓர் இளைஞனையோ அன்று, ஒரு பாட்டையே. ஆதலின் அவ்விருக்கை, மறைந்த பாவலருக்கு உண்மையான பெருமையாக நின்று நிலவுகின்றது. கண்ணீரால் அளித்த பரிசாயின், கண்ணீர் உலர்ந்த பின் அதன் மதிப்பும் உலர்ந்திருக்கும்.

பள்ளிகளில் மாணவர் கவியரங்கு நடத்துகின்றனர். ஒருவர் எழுதிய பாட்டை மற்றவர் படித்துக் கருத்துக் கூறுகின்றனர். அச்சிறு செயலிலும் இப்பெருநெறி கடைப்பிடிக்கத் தக்கது. பாடியவன் யாவன் என்பதை மறந்து பாட்டைப் படித்தல். ஒருமுறைக்கு இருமுறை படித்தல். நல்லதை முதற்கண் இடம் சுட்டிப் பாராட்டுதல். குறையைக் காரணத்தோடு கூறுதல். தன் விருப்பத்தையே இலக்கணமாகக் கொள்ளாதிருத்தல் ஆகியவை நடுவர்க்குரிய கடமைகள். தீர்ப்பைப் பொறுமையோடு கேட்டு, அடுத்த பாட்டில் அதனைப் பயன்படுத்துதல் பாவலர்க்குரிய கடமை. இவ்விரண்டும் பொருந்திய அவையில் தோற்றவரும் கற்றவர் ஆவர். அத்தகைய அவையாலேயே மொழி வளம் பெறும்.