வெப்பமும் சிறுநீர்ப்பைக் கட்டியும்

தில்லி லோதி ரோட்டு வானிலை நிலையத்தில் கோடையில் 43 டிகிரி சென்டிகிரேடு பதிவாவது புதுமையன்று. எனினும் அவ்வெயிலில் வண்டியிழுக்கும் எருதின் உடல் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. இரத்தவோட்டமும் வியர்வையும் மூச்சும் வெப்பத்தை வெளியேற்றிவிடுகின்றன. புற்றுக்கட்டிக்கு இவ்வசதி குறைவு. அதன் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருப்பதால், உட்புகுந்த வெப்பம் எளிதில் நீங்குவதில்லை. பிராணவாயு குறைந்து அமிலத்தன்மை மிகுந்த அதன் உயிரணுக்கள் சூட்டிற்கு விரைவில் இரையாகின்றன. வெப்பச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

சிறுநீர்ப்பை உள்ளே வெற்றிடமுள்ள உறுப்பாதலால், குழாய் வழியே வெந்நீரைச் செலுத்தி அதனைச் சூடாக்க இயலும். இங்கிலாந்தில் ஹாலும் அவர்தம் துணைவரும் நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு கண்ட விளைவுகளை 1974-இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கு நைட்ரோசமீன் வகைப் பொருளொன்றைக் குடிநீரில் கலந்து கொடுத்துக் கட்டியை வருவிக்கின்றனர். குழாய் செலுத்துவது எளிதாகையால், இத்தகைய சோதனைகளுக்குப் பெரும்பாலும் பெண் எலிகளையே தேர்ந்தெடுப்பர்.

இங்கு வெப்பநிலையை மட்டும் கூறினால் போதாது, நேரத்தையும் கூறவேண்டும். 43 டிகிரியில் 60 நிமிடம் வேண்டுமெனில் 44-இல் 30 நிமிடமும், 45-இல் 15 நிமிடமும் ஏறத்தாழ அதே விளைவைத் தரும். 42-க்கு இறங்கினாலோ சுமார் 4 மணி நேரம் தேவை. ஆசிரியர்கள் இதனைக் கணக்காகவே மாணவர்க்குக் கொடுக்கலாம். ஒரு டிகிரிப் பிழை இவ்வளவு பெரிதாகையால், வெப்பமானியைப் பையின் நடுவிலுள்ள நீரில் மட்டும் வைத்து நிறைவடைதல் தகாது. சுவரில் ஓடும் இரத்தம் அதனைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். தசைவரை ஊன்றிய கட்டியின் அடிப்பாகம் தப்பிவிடக்கூடும். மேலும், ஒருமுறை சூடுபட்டுத் தப்பிய உயிரணுக்கள் காப்புப் புரதங்களை உண்டாக்கிக்கொள்வதால், மறுநாளே மீண்டும் சூடேற்றுவதில் பயன் குறைவு. இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும்.

எலிகளின் கட்டி மருந்தினால் வந்தது. இயற்கையாகவே இக்கட்டி தோன்றும் கால்நடைகள் குமாவூன், நீலகிரி போன்ற நம் மலைப்பகுதிகளில் உள்ளன. பிராக்கன் என்னும் பெரணியை நெடுநாள் மேய்ந்த மாடுகள் இரத்தம் கலந்த சிறுநீரைக் கழிக்கின்றன. அப்பெரணியிலுள்ள டாக்குயிலோசைடு என்னும் நச்சுப்பொருள் 1983-இல் பிரித்தறியப்பட்டது. இம்மாடுகளின் பையில் கட்டிகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதுண்டு. வெந்நீரால் இவற்றைக் குணப்படுத்தலாமென்று களப்பணியாளர் எவரும் உழவரிடம் கூறலாகாது. பெரணி மண்டிய மேய்ச்சலிலிருந்து மாட்டைத் தொடக்கத்திலேயே விலக்குவதே அவர் செய்யக்கூடியது. சிவந்த சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சிறிது நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது இரத்தம். படியாது ஒரே நிறமாக நின்றால், உண்ணி பரப்பும் பபீசியா நோயை ஐயுற்றுக் காய்ச்சல் உள்ளதாவெனப் பார்த்தல் வேண்டும்.