குளிர் காலையில் காரின் கரகர சத்தம்
குளிர்ந்த காலையில் கார் கிளம்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், அது எந்த நொடியில் எழுகிறது என்பதே முதல் துப்பு. சாவியைத் திருப்பும்போது மட்டும் வந்தால், சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல்தான். அதன் சிறிய பல்சக்கரம் முன்னால் நகர்ந்து, ஃப்ளைவீலின் விளிம்புப் பற்களோடு கோத்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்ற வேண்டும். குளிரில் அதன் கிரீஸ் இறுகும். பேட்டரியின் திறன் குறையும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். ஊட்டியின் உறைபனிக் காலையில் இந்த மூன்றும் சேர்ந்துகொள்ள, பல் பாதி மட்டும் கோத்து உரசும்.

எனவே முதலில் பேட்டரி. முழு சார்ஜில், வண்டி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்கையில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ அதன் இணைப்புகளோ சரியில்லை. முனைகளில் பூத்த உப்பைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும். எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த அளவைக் கேட்பது நல்லது. பேட்டரி நன்றாக இருந்தும் சத்தம் நீடித்தால், மோட்டாரைக் கழற்றிப் பற்களைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஃப்ளைவீல் பற்களும் தேயும். அதற்குப் பெரும்பாலும் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

எஞ்சின் பிடித்த பிறகும் சத்தம் ஒரு நொடி நீடித்தால், பல்சக்கரம் உடனே பின்வாங்கவில்லை என்று கொள்ளலாம். சூடானதும் மறையும் சத்தத்துக்கு ஆல்டர்னேட்டர், பெல்ட் உருளை பேரிங்குகளைச் சோதிக்கலாம். வண்டி நகர்ந்து முதல் ஓரிரு பிரேக்கில் மட்டும் வந்தால், அது இரவு ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த துரு; கவலை வேண்டாம்.

எப்படியானாலும், ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றக் கூடாது.