கையில் ஒரு பென்சில் கொடு

அன்புள்ள தம்பி,

பார்க்கின்சன் நோயில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன், எந்த மரபணுவை எடுக்கலாம், எந்த ஸ்கேனை நம்பலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் சான் ஹோசேயில் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகம் அதை எம்.பி.டி.பி. என்ற நாலெழுத்தில் முடித்துவிடுகிறது.

1982 ஜூலை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள சான்டா கிளாரா வேலி மருத்துவமனைக்குச் சிறையிலிருந்து 42 வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண் விழித்திருக்கிறது, பேச்சில்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. ஸ்கிசோஃப்ரினியாவில் வரும் உறைநிலை என்று முதலில் நினைத்தார்கள். நரம்பியல் துறைத் தலைவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் நிதானமாகப் பார்த்தபோதுதான் விரல்கள் லேசாக அசைவது கண்ணில் பட்டது. விரலிடுக்கில் ஒரு பென்சிலைச் செருகி, காகிதத்தை வைத்தார்கள். அவர் மெல்ல மெல்ல எழுதினார். தனக்கு என்ன ஆயிற்றென்று புரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது, உடம்புதான் கேட்கவில்லை என்பது அதன் சாரம்.

அந்தக் காகிதத்தைப் படித்தபின் மனநோய் என்ற பேச்சு அடங்கிவிட்டது. உள்ளே ஒரு மனிதர் முழுசாக இருந்தார். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா கொடுத்ததும் உடம்பு இளகியது. அவருடைய தோழிக்கும் இதே நிலை. வாட்சன்வில் ஊரில் இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் இருபதுகளில் இருந்த அண்ணன் தம்பி இருவர் இப்படியே உறைந்துபோய் வந்திருந்தார்கள். எல்லோரும் ஹெராயினுக்குப் பதிலாகத் திருட்டுத்தனமாகத் தயாரித்த ஒரு பொடியை ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதில் கலந்திருந்த கழிவுதான் எம்.பி.டி.பி.

எனக்கு இதில் மிகவும் உறைப்பது, விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது என்பதுதான். மேரிலாந்தில் வேதியியல் படித்த இளைஞர் ஒருவர் இதே பொருளைத் தானே செய்து போட்டுக்கொண்டு நோயாளியானார். அவர் இறந்தபின் மூளையைத் திறந்தால், பார்க்கின்சனில் அழியும் அதே இடமான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் செல்கள் அழிந்திருந்தன. 1979-ல் கட்டுரையும் வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நிலையான சேதம் எதுவும் இல்லை. எலி இந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ளும், குரங்கும் மனிதனும் தாங்க மாட்டார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. உன் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால், எதில் வரவில்லை என்று கூடவே எழுதி வை.

1983-ல் லாங்ஸ்டன் குழு நால்வரைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதியது. பிறகு கதவுகள் மளமளவென்று திறந்தன. அந்த நஞ்சு மூளைக்குள் எம்.பி.பி.+ ஆக மாறுகிறது, டோபமின் செல்கள் அதை டோபமின் என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி நின்றுபோகிறது. குரங்குகளில் நோயை உண்டாக்க முடிந்ததால்தான், மூளையின் சப்தலாமிக் நியூக்ளியஸைச் செயலிழக்கச் செய்தால் விறைப்பு குறையும் என்று 1990-ல் நரம்பியல் ஆய்வாளர் டிலாங்கின் குழுவால் காட்ட முடிந்தது. பிரான்சின் கிரெனோபிளில் அறுவை மருத்துவர் பெனாபிட் நோயாளிகளுக்கு அதே இடத்தில் மின்முனை வைத்ததற்கு வழி இதுதான். இன்று மூளைக்குள் மின்முனையோடு நடமாடும் நோயாளிகள் போதைக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்ட அந்த நால்வருக்கும் கடன்பட்டவர்கள்.

ஆனால் நஞ்சின் கதை இந்த நோயின் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது. நம் நோயாளிகளில் பலருக்கு நைக்ரா அழிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் வேறெங்கோ தொடங்கிவிடுகிறது. அதை ஸ்கேனிடம் கேட்காதே, வீட்டுக்காரம்மாவிடம் கேள். "ராத்திரி தூக்கத்துல கத்துவாரா, கையைக் காலை வீசுவாரா?" "தாளிக்கிற வாசனை தெரியுதா?" "மலச்சிக்கல் எத்தனை வருஷமா?" இந்த மூன்றையும் ஓ.பி. நெரிசலில் யாரும் கேட்பதில்லை. "முன்ன மாதிரி சிரிக்கவே மாட்டேங்கிறார், என்மேல கோபமா டாக்டர்?" என்று கேட்கும் மனைவிக்கு, அவர் கோபமாக இல்லை, முகத்தசைதான் அசையவில்லை என்று அங்கேயே சொல். எந்த மாத்திரையாலும் கிடைக்காத நிம்மதி அது.

விரல் தட்டச் சொல்லும்போது மூன்று தட்டில் நிறுத்திவிடாதே. பத்து, பதினைந்து வரை போகவிடு. வீச்சு சிறிதாகிக்கொண்டே போவது அப்போதுதான் தெரியும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று பக்கத்திலேயே குறி. அந்த நேரம் குறிக்காத மதிப்பெண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. காலையில் நடக்க முடியாதவர் பதினொரு மணிக்கு நடந்து வந்து காட்டுவார்.

லெவோடோபா போதுமான அளவு கொடுத்தும் கேட்காதவர்களைத் தனியாக எடுத்து வை. முதல் வருஷத்திலேயே பின்பக்கமாக விழுகிறாரா, கண்ணைக் கீழே இறக்கிச் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கத் திணறுகிறாரா என்று பார். அப்படியானால் பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோயான பி.எஸ்.பி.யாக இருக்கலாம். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிகிறதா, சிறுநீர் அடக்க முடியவில்லையா? அதே வகையில் இன்னொன்றான எம்.எஸ்.ஏ.வை நினை. இவர்களைப் பார்க்கின்சன் பட்டியலில் சேர்த்துவிட்டால் மரபணு, ஸ்கேன் எல்லாமே குழம்பும். அந்தப் பட்டியலோடு அடுத்த மாதம் வா, உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்