பேப்பூர் உருவும் மதரஸா வகுப்பும்

கோழிக்கோட்டிற்குத் தெற்கே, சாலியாறு அரபிக்கடலில் கலக்குமிடத்தில் உள்ள பேப்பூரில், 'உரு' எனப்படும் பெரிய மரக்கலங்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்டு வருகின்றன. வரைபடம் ஏதுமின்றித் தலைமைத் தச்சரின் மனக்கணக்கைக் கொண்டே கலம் உருப்பெறுவது இத்தொழிலின் தனித்தன்மையாகும். பணி குறைந்து பட்டறைகள் ஓய்ந்திருக்கும் காலங்களில் இளைஞர் வேறு பிழைப்பை நாடுகின்றனர்; ஏட்டில் இல்லாத கணக்கு மூத்தோருடனேயே நின்றுவிடுகிறது.

தச்சர்களில் இந்துக்கள் பலர். கலத்தை நீரில் இறக்கும் கலாசிகளோ பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். ஆகவே இக்கலை ஒரு சமூகத்தின் தனியுடைமையன்று. எனினும் கலாசிகளின் பிள்ளைகள் நாள்தோறும் கூடும் இடம் மதரஸா என்பதால், அங்கே இதனைப் போதித்தல் பொருத்தமானதே.

1993-94இல் மத்திய அரசு தொடங்கிய மதரஸா நவீனமயமாக்கல் திட்டம், விஞ்ஞானத்தைத் தனிப்பாடமாகச் சேர்க்கும் வழியைக் காட்டியது. பள்ளி திறக்குமுன் காலையில் சிறிது நேரமே நடைபெறும் கேரள மதரஸாக்களுக்கு அவ்வழி அத்தனை ஏற்றதன்று. இருக்கும் பாடத்தினுள்ளேயே விஞ்ஞானத்தைக் காட்டுவது எளிது. நூஹ் நபியின் கப்பலைப் பற்றிய பாடத்தில், பல டன் எடையுள்ள கலம் ஏன் மூழ்குவதில்லை என வினவலாம். கலத்தின் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை அது விலக்குகிறது என்பதை ஒரு வாளித் தண்ணீரும் மரக்கிண்ணமும் விளக்கிவிடும்.

கிப்லாத் திசையைக் கற்பிக்கும்போது, அரபு மாலுமிகள் கையாண்ட 'கமால்' என்னும் கருவியைச் செய்து பார்க்கலாம். ஒரு சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறுமே அதற்குப் போதும். பேப்பூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் சுமார் 11 பாகை உயரத்தில் தோன்றும். அவ்வூரின் அட்சரேகையும் ஏறத்தாழ அதுவே. மாலுமிகள் துறைமுகங்களை முடிச்சுகளால் நினைவில் வைத்த விதம் இதனால் புலப்படும்.

கலாசிகளின் தொழிலே இவற்றுள் மிகச் சிறந்த பாடம். உருளைகள், கப்பிகள், நெம்புகோல், கயிறு ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் உருவை ஆற்றில் இறக்குகின்றனர். 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடி ஏரியில் வீழ்ந்த ரயில் பெட்டிகளை மீட்கவும் இவர்கள் உதவினர். நகரும் கப்பி ஒன்றினால் இழுவிசை பாதியாகிறது. இழுக்கவேண்டிய கயிற்றின் நீளம் இருமடங்காகிறது. சூத்திரத்தை அறியாத கலாசியும் இதனைக் கையால் அறிவார். சூத்திரத்தை மனனம் செய்த மாணவனோ பெரும்பாலும் அறிவதில்லை.

மூத்த தச்சரும் கலாசியும் வகுப்பிற்கு வரும் நாளில் தம் கூலியை இழப்பர். அதனை ஈடுசெய்யும் பொறுப்பை மதரஸா நிர்வாகக் குழுவின்மீது சுமத்துதல் முறையன்று. கைவினைப் பயிற்சிக்கென அரசு ஒதுக்கும் தொகையிலிருந்தே அதனை வழங்குதல் வேண்டும்.